கறுப்புத் திரையில் மூன்றும் எட்டும்

"…இந்த வெயில்ல துடியலூர்ல இருந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்து, அத்தன நேரம் குனிஞ்சு நிமுந்து செஞ்சு குடுத்துட்டுப் போயிருக்கறீங்க. அடுத்த நாளே போனைப் போட்டு, நீங்க செஞ்சது நிக்கலீங்கன்னு எப்புடிங்க அம்மணி சொல்றது? உங்க மனசு நோகாதுங்களா?"

ஸ்டோர் அக்கா இதைச் சொன்னபோது என் கை அவருடைய மவுஸின் மேல் இருந்தது. அப்படியே நின்றுவிட்டது. என் மனசு நோகக் கூடாதென்று இந்த மனுஷி மூன்று வாரம் தன் கண்ணை நோகடித்திருக்கிறார். அதன் பலனாக அவருடைய நாற்காலியே போகவிருந்தது. அந்த நாற்காலியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கத்தான் நான் அன்று வந்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவள். படித்துவிட்டு வந்தவள் இல்லை. துடியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடிக்கப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் வாரத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும், பார்க்க ஆள் வர இரண்டு நாள் ஆகும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானே திறந்து நோண்டினேன். நோண்டிக் கெடுத்ததில் பாதி, கெடுத்ததைச் சரிசெய்ததில் பாதி என்று தொழில் கைக்கு வந்தது. இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற சின்னப் பட்டறைகளும் குடோன்களும் என்னைத்தான் கூப்பிடுகின்றன.

எனக்கு ஒரு பழக்கம். சர்வீஸ் நோட்டின் பின்பக்கத்தில், போன இடத்தில் ஆட்கள் சொன்னதை எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு லேத் பட்டறைக்காரர் தன் பிரிண்டரைப் பற்றிச் சொன்னது: "இது மாமியா ஊட்டுக்கு வந்த மாப்பள மாதிரிங்க. பக்கத்துல நின்னு கெஞ்சுனாத்தான் எந்திரிக்கும்." இந்த மாதிரி நோட்டில் நிறைய இருக்கிறது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

ஸ்டோர் அக்கா இருப்பது பெரியநாயக்கன்பாளையத்தில். தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியின் உதிரி பாகக் குடோனை இருபது வருஷத்துக்கும் மேலாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். முதலாளியில் இருந்து லோடு வண்டி டிரைவர் வரை எல்லாருக்கும் அவர் ஸ்டோர் அக்காதான். கம்பெனியின் பெரிய ஃபேக்டரி பெருந்துறையில் இருக்கிறது. அங்கே என்ன பேரிங், என்ன சீல், எத்தனை வேண்டும் என்கிற பட்டியல் அக்காவின் திரையில் வரும். பார்த்து, ராக்கில் இருந்து எடுத்து, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்தத் திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டாக் புரோகிராம் ஓடுவது பெருந்துறையில் இருக்கிற கம்ப்யூட்டரில். இங்கே தெரிவது அதைப் பார்க்கிற ஒரு கறுப்புச் சன்னல், அவ்வளவுதான். படம் கிடையாது, பட்டன் கிடையாது, வெறும் எழுத்து. அக்கா இங்கே தட்டினால் அங்கே பதியும். பழைய முறைதான், ஆனால் கை பழகினவர்களுக்கு அதைவிட வேகமானது ஒன்றில்லை. மவுஸை அவர் தொடவே மாட்டார். அதன் மேல் ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார். "அதுக்கு இங்க வேலை இல்லீங்க அம்மணி, பாவம், தூங்கட்டும்" என்றார். அதுவும் நோட்டில் இருக்கிறது.

சித்திரை வெயிலில் அந்தக் குடோனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி கூப்பிட்டார். முப்பத்தைந்து வயசுக்காரர், அப்பாவிடம் இருந்து கம்பெனியைக் கையில் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. "அக்காவுக்குக் கண்ணுல சர்க்கரை ஏறிருச்சுங்க. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு நிறுத்தி வெச்சிருக்கறாங்க. எழுத்து மட்டும் பெருசா இருந்தாப் போதும்னாங்களாம். நல்லாப் பெருசு பண்ணிக் குடுத்துருங்க மேடம்" என்றார்.

போனேன். கறுப்புச் சன்னல் புரோகிராமைப் போட்டேன். அதைத் திறந்தால் முதல் பக்கத்தில், பார்க்க வேண்டிய கம்ப்யூட்டர்களுக்கு நாம் வைத்த பெயர்கள் இருக்கும், இங்கே பெருந்துறை என்று. இடது பக்கம் வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். எழுத்துக்கு ஒரு தலைப்பு, நிறத்துக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினேன். அழிக்கிற கீயைத் தட்டினால் அழியாமல் ஏதோ குறி விழுந்தது, அதைச் சரிசெய்தேன். பட்டியலைச் சுற்றிக் கட்டம் விழ வேண்டிய இடத்தில் கன்னாபின்னா என்று எழுத்துகள் வந்தன, அதையும் சரிசெய்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பெருந்துறை திரையில் வந்து நின்றது, சுவர் விளம்பரம் மாதிரி.

"தெரியுதுங்களாக்கா?"

"நல்லாத் தெரியுதுங்க அம்மணி."

"எழுத்து போதுங்களா?"

"அருமையா இருக்குதுங்க."

ஒரு சொம்பு மோர் கொடுத்தார். வீட்டு மரத்து முருங்கைக்காயை ஒரு கட்டாகக் கட்டி என் வண்டியில் வைத்துவிட்டார். வேலை நன்றாக முடிந்த திருப்தியோடு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஏனுங்க மேடம், ஒரு சங்கடமான வேலைங்க. ஸ்டோருக்கு வேற ஆளைப் போடலாம்னு இருக்கறேன். நீங்க வந்து புது ஆளுக்குப் பேர், பாஸ்வேர்டு எல்லாம் மாத்திக் குடுத்துருங்க."

"அக்கா?"

"பேக்கிங்குக்கு மாத்தறேனுங்க. ரெண்டு லோடு தப்பாப் போயிருச்சு. பெருந்துறையில ஒரு அசெம்பிளி லைன் அரை நாள் நின்னு போச்சுங்க. கண்ணுன்னு சொல்ல முடியாது, எழுத்தைத்தான் நீங்க பெருசு பண்ணிக் குடுத்துட்டீங்களே. வயசாயிருச்சுங்க, ஞாபகம் தப்புது. பாவந்தான். என்ன பண்றது?"

அவர் கெட்டவர் இல்லை. அக்காவை வேலையை விட்டே போகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனால் பேக்கிங் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும். அக்காவின் முழங்கால் எப்படிப்பட்டது என்று முருங்கைக்காய் எடுக்க அவர் எழுந்து நடந்தபோதே பார்த்திருந்தேன்.

போனேன். முதலாளி தன் ரூமில் இரண்டு காகிதங்களை எடுத்துப் போட்டார். பெருந்துறை கேட்டது, இங்கிருந்து போனது. முதல் தடவை கேட்டது 6203 பேரிங், போனது 6208. இரண்டாவது தடவை கேட்டது முப்பது சீல், போனது எண்பது.

அந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஞாபகம் தப்புகிற ஆள் எப்படி வேண்டுமானாலும் தப்புவார். இங்கே இரண்டு தடவையும் மூன்றுதான் எட்டாகியிருக்கிறது. மூன்றின் வாயை மூடினால் எட்டு. என் பழைய ஜெராக்ஸ் கடையில் மங்கலான காப்பியில் இந்தக் கூத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"அஞ்சு நிமிஷம் அக்காவைப் பார்த்துட்டு வாரேனுங்க" என்றேன்.

அக்கா நாற்காலியில் இருந்தார். "வாங்க அம்மணி, வாங்க! மொகமெல்லாம் வாடிப் போச்சு, தண்ணி குடிங்க" என்றார்.

"குடிக்கறேனுங்க்கா. மூணாவது வரியில என்ன இருக்குதுன்னு படிங்க பார்க்கலாம்."

"பேரிங்குதானுங்க."

"நெம்பர்?"

நெம்பருக்கு அவர் முகம் திரையை நோக்கிப் போனது. போனது, போனது, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் போனது. பிறகு, கை பழகின வேகத்தில், செல்போனை எடுத்துத் திரையைப் போட்டோ பிடித்து, அதை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, "ஆறு, மூணு, சைபர், அஞ்சுங்க" என்றார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். திரையில் எறும்பு ஊர்கிற மாதிரிச் சின்னச் சாம்பல் எழுத்து. நான் வைத்துவிட்டுப் போனது அதில்லை.

"நான் வெச்ச பெரிய எழுத்து எங்கீங்க்கா?"

"அதுங்களா? அது அடுத்த நாள் காத்தாலயே போயிருச்சுங்க."

"போயிருச்சா! மூணு வாரமா இப்படியேவா பார்க்கறீங்க?"

"போட்டோ புடிச்சுப் பார்த்துக்குவேனுங்க. ஒண்ணும் கஷ்டமில்ல. லோடு வண்டி வந்து நின்னு ஆரன் அடிச்சாத்தான் போட்டோவுக்கு நேரம் இருக்கறதில்ல."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமுல்லீங்க்கா?"

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. எப்படிங்க அம்மணி சொல்றது, உங்க மனசு நோகாதுங்களா என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அழுத பிள்ளைக்குத்தானுங்க்கா பால்" என்றேன்.

"அழுவாட்டியும் பால் வெக்கறவதானுங்க அம்மணி அம்மா" என்றார், உடனே.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஏனென்றால் தப்பு யாருடையது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் புரோகிராமில் உள்ளே போய் எதை மாற்றினாலும், திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து, வைத்த பெயரைத் தொட்டு, சேவ் என்பதை அழுத்த வேண்டும். அழுத்தாமல் நேராகத் திறந்தால் மாற்றினதெல்லாம் அந்தச் சன்னல் திறந்திருக்கும்வரைதான் இருக்கும். விசேஷ வீட்டுப் பந்தல் மாதிரி. நான் பந்தலைப் போட்டுவிட்டு, வீடு கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு, முருங்கைக்காயோடு போயிருக்கிறேன். அன்று சாயங்காலம் அக்கா கம்ப்யூட்டரை அணைத்ததும் பந்தல் பிரிந்துவிட்டது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "தப்பு என்னுதுங்க. நான் சேவ் பண்ணாமப் போயிட்டேன். அவங்க ஞாபகத்துல ஒரு குறையும் இல்லீங்க."

அவர் அந்த இரண்டு காகிதங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். "பரிஞ்சு பேசறீங்களா மேடம்?"

"என்ற பொழப்பு கெடற மாதிரி யாராவது பரிஞ்சு பேசுவாங்களாங்க?"

சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "இன்னிக்கு அஞ்சு மணி லோடு பெருசுங்க. நாப்பது அயிட்டம். அக்காவே எடுக்கட்டும். பொட்டியை மூடறதுக்கு முன்னால நானே லிஸ்டை வெச்சு ஒவ்வொண்ணாப் பார்க்கறேன். செரியா இருந்தா நீங்க சொல்றது செரி. ஒண்ணு தப்புனாலும் நாளைக்கு அவங்க பேக்கிங்தான். இதை அவங்ககிட்ட நானே சொல்லிர்றேன்."

வந்து சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா எழுந்து நின்று கேட்டுக்கொண்டு, "செரிங்க" என்றார். முதலாளி போன பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நன்றாகத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முட்டி நிக்கறதுக்கு ஆகாதுங்க. அது கெடக்குது. நெம்பர் பார்க்காம நான் என்னங்க அம்மணி பண்ணுவேன்?"

"பார்ப்பீங்க" என்றேன். "ஆனா ஒரு கண்டிசன். இன்னிக்கு நல்லாருக்குதுன்னு சொல்லக் கூடாது. குறைதான் சொல்லோணும்."

பெரிதாக்கி, ஒரு எழுத்து வடிவத்தை வைத்தேன். "பரவால்லீங்க" என்றார். வேறொன்றை வைத்தேன். "பரவால்லீங்க." இன்னொன்று. "அதும் பரவால்லீங்க." எங்கள் பக்கத்தில் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வந்தவரை வருத்தப்படுத்த மாட்டேன் என்று அர்த்தம். ஆனால் இந்த ஊரில் மூச்சு விடாமல் குறை சொல்கிற ஒரு இடமும் இருக்கிறது. அது ஞாபகம் வந்தது.

"அக்கா, சேலை எடுக்கப் போனா எத்தனை பிரிச்சுப் போடச் சொல்வீங்க?"

"அது போகுங்க ஒரு முப்பது."

"முப்பதும் பார்த்துட்டு வேண்டாம்னு எந்திரிச்சு வருவீங்களா?"

"புடிக்கலீன்னா வரத்தானுங்க வேணும்!"

"இது சேலைக் கடை. நான் கடை ஆளு. பிரிச்சுப் போடறேன்."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் முதல் எழுத்தைப் பிரித்துப் போட்டேன்.

"ஒல்லியா இருக்குதுங்க. சத்தே இல்ல. அடுத்தது."

அடுத்தது.

"இதுல மூணும் எட்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்குது. வேண்டாம்."

அடுத்தது.

"இது குண்டு. வரி பூரா அடைச்சுக்குது. அந்த ரெண்டாவது காட்டுனீங்களே, அதை மறுபடி எடுங்க. இல்லீங்க, அதுக்கு முன்னால."

பதினோராவது சேலையில் நின்றார். அதில் சைபருக்கு நடுவில் ஒரு கோடு இருந்தது. மூன்று வாயை நன்றாகத் திறந்துகொண்டு இருந்தது. எட்டு இரண்டு வளையமாகத் தனியாக நின்றது. நிறத்துக்கு மஞ்சளைக் கேட்டார், கறுப்பின் மேல் மஞ்சள். அதற்குள் அவருக்குச் சொல் வந்துவிட்டது. "இன்னொண்ணுங்க அம்மணி. ராக்குக்குப் போய் எடுத்துட்டு வாரதுக்குள்ள இது செத்துப் போகுது. எதைத் தட்டுனாலும் அசையறதில்ல. திரும்ப மொதல்ல இருந்து உள்ள போகோணும்." கொஞ்ச நேரம் யாரும் தட்டாவிட்டால் நடுவில் லைன் அறுந்துவிடுகிறது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பெருந்துறைக்கு இதுவாகவே ஒரு சின்னக் குரல் கொடுக்கிற மாதிரி வைத்தேன். "நான் இருக்கறேன், இருக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருக்குமுங்க்கா" என்றேன். "ஆமாங்க, சொல்லலீன்னா மறந்து போயிருவாங்க" என்றார்.

முதல் பக்கத்துக்கு வந்தேன். பெயரைத் தொட்டேன். சேவ். சத்தமாகவே சொன்னேன். "சேவ் பண்ணிட்டேனுங்க்கா."

லோடு ஆரம்பித்தது. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரையைப் பார்ப்பார், உதடு அசையும், எழுந்து ராக்குக்குப் போவார், கை நேராக அந்தத் தட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது திரை உயிரோடு இருக்கும். தட்டுவார், அடுத்தது. போனை அவர் எடுக்கவே இல்லை. அது மேஜை ஓரத்தில் குப்புறக் கிடந்தது.

பதினைந்தாவது அயிட்டத்தில், நான் கேட்காமலே, கையை நிறுத்தாமலே சொன்னார். "இந்த மஞ்சள் கூசுதுங்க அம்மணி. நேரம் ஆக ஆகக் கண்ணுல தண்ணி வருது."

அந்தக் குறையைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷம் எனக்கே புதுசு. ஓடுகிற சன்னலிலேயே நிறத்தை இறக்கினேன். மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், அவர் கொடுத்த மோரின் நிறத்துக்கு. "இது?" என்றேன். "இது கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குது" என்றார். அது பரவால்லீங்க வகை இல்லை. எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

நாலே முக்காலுக்கு முதலாளி லிஸ்டோடு வந்தார். பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்தார். எடுத்து, திருப்பி, பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணைப் படித்து, லிஸ்டில் டிக் அடித்தார். அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே லோடு வண்டி ஆரன் அடித்தது. முதலாளி திரும்பவே இல்லை. அன்றைய லிஸ்டில் 6203 இருந்தது, 6208ம் இருந்தது. அந்த இரண்டையும் இரண்டு கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். வைத்துவிட்டார்.

கடைசி டிக்கைப் போட்டுவிட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "பொட்டியை மூடச் சொல்லுங்கக்கா" என்றார் அக்காவிடம். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பாஸ்வேர்டு மாத்தற வேலை வேண்டாமுங்க மேடம். இருக்கறபடியே இருக்கட்டும்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ஏனுங்கக்கா, எழுத்து தெரியலீன்னா என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார். அக்கா வெறுமனே சிரித்தார். முதலாளி போனதும்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் பையை எடுத்தேன். ஹெல்மெட்டை எடுத்தேன். "அப்ப வாரேனுங்க்கா. இனி ஒண்ணும் பிரச்சினை வராது. எல்லாம் சேவ் ஆயிருச்சு."

"கொஞ்சம் இருங்க அம்மணி."

மவுஸின் மேல் கையை வைத்தார். அவர் அதைத் தொட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அம்பு திரையில் அங்கும் இங்கும் தடுமாறி, ஒருவழியாக மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. கறுப்புச் சன்னலை மூடினார். என் முன்னாலேயே. பிறகு அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, இரண்டு தடவை தட்டி, மறுபடியும் திறந்தார்.

பெருந்துறை வந்தது. பெரிய எழுத்து வந்தது. கோடு போட்ட சைபர் வந்தது. எல்லாம் பளீரென்ற மஞ்சளில் வந்தது.

மோர் நிறத்தை நான் சேவ் பண்ணவில்லை.

அக்கா மஞ்சளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பரவால்லீங்க அவர் வாய்வரைக்கும் வந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதை முழுங்கிவிட்டு, காலால் அந்த ஸ்டூலைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மேலே ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் தட்டிவிட்டு, என் கையில் இருந்த ஹெல்மெட்டை வாங்கி மேஜைக்குக் கீழே வைத்தார்.